காட்டை வெட்டினால் ஒன்றும் நடக்கவில்லையா?

வணக்கம் சார்,

ஐ.டி. வேலையில் இருக்கிறேன். கல்லூரியோடு விட்டுப்போன வாசிப்பை இந்த வருடம் மறுபடி தொடங்கியிருக்கிறேன். சமீபத்தில் படித்தவை பற்றி என் சொந்தக் கருத்துகள் இவை. ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தையும் போனிலேயே 12 நாளில் முடித்தேன். அருமை. ஆனால் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கடைசிவரை தெளிவாகச் சொல்லாதது ஏமாற்றம். ‘என் இனிய இயந்திரா’ ஜாலியாக இருந்தது, ஆனால் அதில் வரும் 2021 நாம் பார்த்த 2021 போல இல்லை. ‘அசுரன்’ படம் பார்த்துவிட்டு ‘வெக்கை’யைப் படித்ததால் சஸ்பென்ஸ் போய்விட்டது. ‘சாயாவனம்’ பாதியில் வைத்துவிட்டேன். சுற்றுச்சூழல் நாவல் என்றார்கள். பக்கம் பக்கமாகக் காட்டை வெட்டுகிறார்கள், வேறு ஒன்றுமே நடக்கவில்லை. வெட்டுவது தப்பு என்றுகூட ஆசிரியர் சொல்லவில்லை. 5க்கு 2 நட்சத்திரம் கொடுத்தேன். நடுநடுவே ராஜேஷ்குமார் நாவல்கள். வெளியே சொல்ல வெட்கம்தான், ஆனால் அவைதான் ஒரே மூச்சில் போயின.

என் கேள்வி: இப்படிப் பல வகைகளைக் கலந்து படிக்கலாமா, இல்லை ஒரு வகையை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போவதுதான் முறையா?

எஸ்., கோவை

*

அன்புள்ள எஸ்.,

கலந்தே படியுங்கள். வகை என்பதெல்லாம் புத்தகக் கடைக்காரர் அலமாரி அடுக்க வைத்துக்கொண்ட வசதி. உங்கள் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான்.

ஆதித்த கரிகாலன் விவகாரத்தில் நான் தலையிடுவதாக இல்லை. முடிவு பற்றி வாசகர்கள் கேட்டதற்குக் கல்கியே முடிவுரை எழுதிப் பார்த்தார், அப்படியும் எழுபது வருடமாகச் சண்டை ஓயவில்லை. ஒன்று மட்டும்: அது 1950லிருந்து 1954 வரை வாராவாரம் வந்த கதை. ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவும் ஏழு நாள் காத்திருக்கப்போகிற ஆளுக்காக எழுதப்பட்டது. 12 நாளில் முடித்தேன் என்று பெருமைப்படாதீர்கள். சுஜாதாவின் 2021 பலிக்கவில்லை என்கிறீர்கள். பிள்ளை பெற்றுக்கொள்ளவே அரசாங்க அனுமதி வேண்டும் என்ற ஒரு உலகத்தில் ஓர் இயந்திர நாய் மனிதர்களைவிட நன்றாக யோசிக்கிறது. அதை ரசித்தீர்களா இல்லையா? தேதி பார்த்துச் சொல்வது சோதிடர் வேலை. அப்புறம் ‘வெக்கை’. பூமணி கொலையை முதல் பக்கங்களிலேயே முடித்துவிடுகிறார். இல்லாத சஸ்பென்ஸைப் படம் எப்படிக் கெடுத்தது?

சரி, ‘சாயாவன’த்துக்கு வருகிறேன். உண்மையில் அதற்காகத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன். எங்கள் தெருமுனையில் ஒரு பழைய தோப்பு இருந்தது. அதை மனை போட ஒரு ஜே.சி.பி. வந்தது. காலையில் தோப்பு, மத்தியானம் மைதானம். வேடிக்கை பார்க்கக்கூட யாரும் நிற்கவில்லை. அன்றிலிருந்து அந்த நாவல் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து, ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்று உங்கள் கடிதம் வருகிறது.

நீங்கள் மூங்கில் வெட்டிப் பார்த்ததுண்டா? வெட்ட வேண்டாம், யாராவது வெட்டுவதைப் பார்த்ததுண்டா? நான் பார்த்திருக்கிறேன். பெரியப்பா வீட்டுக் கொல்லையில், வாய்க்கால் கரையோரம் ஒரு பெரிய மூங்கில் குத்து. அதை எடுக்க இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் வந்ததும் வெட்டவில்லை. குத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார், அண்ணாந்து பார்த்தார், உட்கார்ந்து கொடுவாளைத் தீட்ட ஆரம்பித்துவிட்டார். பிறகு வெளிப்பக்கத்து முள்ளைக் கழிப்பதிலேயே பொழுது போனது. கழித்ததைத் தொரட்டியால் இழுத்து இழுத்து ஒதுக்கினார்கள். பொறுக்கமாட்டாமல், அடியை வெட்டினால் விழுந்துவிடாதா என்று கேட்டேன். “விழுந்துருமா தம்பி?” என்று சொல்லிவிட்டு, எனக்காகவே ஒன்றை அடியில் வெட்டிக் காட்டினார். முழுசாக அறுந்த மூங்கில் அப்படியே நின்றது. மேலே நாலு பக்கமும் மற்ற மூங்கில்கள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஆட்டினார், அசைந்தது, வரவில்லை. கடைசியில் கயிறு கட்டி இரண்டு பேரும் சேர்ந்து இழுத்துத்தான் அந்த ஒற்றை மூங்கிலை வெளியே எடுத்தார்கள். சாயங்காலம் இருவர் முதுகிலும் தோளிலும் பொடிப்பொடியாகக் கீறல். குத்தில் கால்வாசிகூடக் குறையவில்லை.

அன்று அந்தக் கொல்லையில் ஒன்றும் நடக்கவில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். உங்கள் மேல் வந்த கோபமும் அதேதான்.

நம் கதைகளில் ஆட்கள் காதலிக்கிறார்கள், அழுகிறார்கள், சொத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள். வேலை செய்வது குறைவு. செய்தாலும் ‘அவன் வயலுக்குப் போய்விட்டு வந்தான்’ என்று ஒரே வரியில் போய்விட்டு வந்துவிடுவான். போன இடத்தில் கை என்ன செய்தது, மண்வெட்டி எதில் மாட்டியது என்று ஒன்றும் தெரியாது. சா. கந்தசாமி அந்த ஒரு வரிக்குள் நுழைந்து ஒரு நாவலையே எழுதினார். ‘சாயாவனம்’ 1969ல் வாசகர் வட்டம் வெளியீடாக வந்தபோது அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. சாகித்திய அகாதெமி விருது 1998ல்தான் வந்தது, அதுவும் வேறு நாவலுக்கு. அது போகட்டும். வெளிநாட்டிலிருந்து திரும்பிய சிதம்பரம் கரும்பாலை வைக்க ஒரு வனத்தை வாங்குகிறான், அழிக்கிறான். கதையைச் சொல்லச் சொன்னால் இவ்வளவுதான். ஆனால் அவனுக்கு அந்த வேலை தெரியாது. வெட்ட வெட்டக் கற்றுக்கொள்கிறான். காடு சும்மா நின்றுகொண்டே அவனோடு மல்லுக்கட்டுகிறது. அரிவாள் போதாமல் போய் அவன் நெருப்பைக் கையில் எடுக்கிற இடம்வரை நீங்கள் படித்தீர்களா என்றே எனக்குச் சந்தேகம்.

வெட்டுவது தப்பு என்று ஆசிரியர் சொல்லவில்லை என்பது உங்கள் புகார். சொல்லியிருந்தால் அந்தப் புத்தகத்தை 1975லேயே மறந்திருப்போம். சிதம்பரம் கெட்டவன் இல்லை. உழைப்பாளி, பிடிவாதக்காரன், நம் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்திருப்பார். ஒவ்வொரு புதரும் விழும்போது நமக்கே ஒரு சந்தோஷம் வருகிறது, அடுத்ததும் விழட்டும் என்று இருக்கிறது. அரிவாளின் இன்னொரு பிடி நம் கையிலும் இருக்கிறது என்று கந்தசாமி எங்கும் எழுதவில்லை, எழுதத் தேவையும் இல்லை. காடு போன பிறகு குழம்புக்குப் புளி எங்கிருந்து வரும் என்ற கேள்வியில் நாவல் வந்து நிற்கிறது. உலகம் அழிகிறது என்று யாரும் அங்கே பிரசங்கம் செய்வதில்லை. சமையலுக்குப் புளி, அவ்வளவுதான். பாதியில் வைத்தவருக்கு அந்தப் புளி கிடைக்காது.

ராஜேஷ்குமாரைப் படிக்க வெட்கமாக இருக்கிறது என்கிறீர்கள். உங்கள் ஊர்க்காரர் ஐயா அவர். ஆயிரத்துக்கு மேல் நாவல் எழுதி, லட்சம் பேரை பஸ் ஸ்டாண்டில் நிற்க வைத்துப் படிக்கவைத்த மனிதர். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாதி படித்த புத்தகத்துக்கு மார்க் போட்டீர்களே, அதற்கு வேண்டுமானால் கொஞ்சம் வெட்கப்படலாம்.

இவ்வளவு திட்டிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பல வருடம் விட்ட பழக்கத்தை வேலைக்கு நடுவில் மறுபடி பிடித்திருக்கிறீர்கள். படித்ததைப் பற்றி யாரோ ஒருவருக்கு உட்கார்ந்து எழுதவும் தோன்றியிருக்கிறது. அது பெரிய விஷயம்தான். அதனால்தான் இத்தனை உரிமை எடுத்துக்கொண்டேன்.

அடுத்து ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ படியுங்கள். தூத்துக்குடி உப்பளத்து வேலை, நேரில் போய்ப் பார்த்து எழுதியது. ஆனால் அதற்கு முன்னால் ‘சாயாவனம்’. விட்ட இடத்திலிருந்து வேண்டாம், முதல் பக்கத்திலிருந்து. போனில் வேண்டாம். புத்தகம் கிடைக்கவில்லை என்றால் விலாசம் எழுதுங்கள், என் பிரதியை அனுப்பிவைக்கிறேன். திருப்பித் தர வேண்டும்.