பூங்கா, மைதானம், பிள்ளைகளின் விளையாட்டு: கேள்வி பதில்

கேள்வி: ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் அடியில் மணல் கொட்டிக் கொட்டி அலுத்துவிட்டோம். சிமென்ட் தளம் போட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். பூங்காவில் பிள்ளைகளுக்குப் படும் பெரிய அடிகள் பெரும்பாலும் மேலிருந்து விழுவதால் வருபவை. சிமென்ட், தார், கட்டாந்தரை, ஏன் புல்தரைகூட அந்த வேகத்தைத் தாங்காது. 30 செ.மீ. மணல் கொட்டினால் நாளடைவில் இறுகி 23 செ.மீ. ஆகும். அந்த ஆழம் சுமார் 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதைத்தான் தாங்கும். உயரமான சாதனத்துக்கு மரச்சில்லு போடுங்கள். அதே ஆழத்தில் சுமார் 3 மீட்டர் வரை தாங்கும். ஊஞ்சல் பலகைக்கு நேர் கீழேயும் சறுக்குமரம் முடியும் இடத்திலும் கால் பட்டுப் பட்டுக் குழி விழும். காலையில் கேட்டைத் திறப்பவர் அங்கே ஒரு குச்சியைக் குத்தி ஆழம் பார்த்து, மணலை இழுத்துவிட்டால் போதும். சாதனத்தைச் சுற்றி 1.8 மீட்டருக்குக் கல்லோ பெஞ்சோ இருக்கக் கூடாது. ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் இன்னும் அதிக இடம் விடுங்கள். கம்பிகளுக்கு நடுவே 9 முதல் 23 செ.மீ. இடைவெளி இருந்தால் குழந்தையின் உடம்பு நுழைந்துவிடும், தலை சிக்கிக்கொள்ளும். டேப் எடுத்துப் போய் இன்றைக்கே அளந்துவிடுங்கள்.

கேள்வி: கோல் கம்பத்துக்கு முன்னால் புல்லே நிற்பதில்லை. உரமும் போட்டாயிற்று.

பதில்: மிதிபட்டு மண் இறுகியிருக்கும். துளைபோட்டுக் காற்றோட்டம் கொடுங்கள், ஈரத்தில் ஆடவிடாதீர்கள். நகர்த்தும் கம்பமென்றால் பயிற்சிக்கு இடம் மாற்றி வையுங்கள். மாற்றும் ஒவ்வொரு முறையும் தரையோடு பிணைத்தே ஆக வேண்டும். சாய்ந்த கம்பத்தின் அடியில் சிக்கிப் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள்.

கேள்வி: என் 10 வயது மகளுக்கு ஆண்டு முழுக்க ஒரே விளையாட்டில் வாரம் 14 மணி நேரப் பயிற்சி. அதிகமா?

பதில்: அதிகம்தான். வயது எத்தனையோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு கொடுங்கள். ஆண்டில் இரண்டு மூன்று மாதம் அந்த விளையாட்டையே விட்டு வேறு ஏதாவது ஆடட்டும்.

கேள்வி: 9 வயதுக்குட்பட்ட கால்பந்து அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஜெயித்தே ஆக வேண்டும் என்று பெற்றோர் நெருக்குகிறார்கள். சுமாராக ஆடும் பிள்ளைகளை உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை.

பதில்: உங்கள் மனம் சொல்வதுதான் சரி. இந்த வயதில் கெட்டிக்காரனாகத் தெரிபவன் பல நேரம் மற்றவர்களைவிட ஏழெட்டு மாதம் மூத்தவன், அவ்வளவுதான். இன்று பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும் பிள்ளை அடுத்த ஆண்டு மைதானத்துக்கே வராமல் போகலாம். எனக்கு அதைவிடப் பெரிய தோல்வி கிடையாது. எல்லோருக்கும் பாதி ஆட்டமாவது உண்டு என்று போட்டிகள் தொடங்கும் முன்பே எழுதிக் கொடுத்துப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நடுவில் சொன்னால் சண்டைதான் வரும். அணிக்கு ஐந்து பேராகக் குறைத்துச் சின்ன மைதானத்தில் ஆடவிடுங்கள், ஒவ்வொருவர் காலுக்கும் பந்து அடிக்கடி வரும். பந்து 3 அல்லது 4ஆம் எண்ணாக இருக்கட்டும். பெரியவர்கள் ஆடும் 5ஆம் எண் வேண்டாம்.

கேள்வி: இடி இடித்தால் எப்போது ஆட்டத்தை நிறுத்துவது?

பதில்: முதல் சத்தத்திலேயே. மரத்தடியும் திறந்த கொட்டகையும் உதவாது, கட்டடத்துக்குள் அனுப்புங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி ஆட்டம்.

கேள்வி: தலையில் அடிபட்டவன் கொஞ்ச நேரத்தில் “சரியாகிவிட்டது” என்கிறான். மறுபடி ஆட்டத்தில் இறக்கிவிடலாமா?

பதில்: கூடாது. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் இல்லை. மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு, படிப்படியாகத்தான் திரும்ப வேண்டும். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, நினைவு தவறினாலோ உடனே மருத்துவமனை. இறுதிப்போட்டியாக இருந்தாலும் இதேதான்.