பாம்புப் பெட்டிக்குக் காற்று எந்தப் பக்கத்தால் வரவேண்டும்?

கேள்வி: மகன் தெரிந்தவர் ஒருவர் மூலம் மூன்றடி நீளமான கோர்ன் ஸ்நேக் (corn snake) என்னும் வளர்ப்புப் பாம்பு ஒன்றை வாங்கி வந்திருக்கிறான். பழைய மீன்தொட்டியில் விட்டு, மேலே பலகை போட்டு அம்மிக்கல்லை வைத்திருக்கிறோம். காலையில் கண்ணாடியின் உட்பக்கம் வியர்த்திருக்கிறது. தச்சரிடம் பெட்டி செய்விக்கலாம் என்றால், காற்றுத் துளை வழியே தப்பிவிடும் என்று மாமியார் பயப்படுகிறார். விற்றவர் வெப்ப விளக்கும் வாங்கச் சொல்கிறார். அனுமதிப் பத்திரம் எதுவும் தரவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: முதலில் அம்மிக்கல்லை இறக்குங்கள். பெட்டி தயாராகும்வரை தொட்டியின் வாயைக் கம்பிவலைச் சட்டத்தால் மூடி, நான்கு பக்கமும் கிளிப் போட்டு இறுக்குங்கள். தண்ணீர் வெளியே போகாமலிருக்கச் செய்த தொட்டி அது. ஈரத்தையும் அப்படித்தான் பிடித்து வைத்திருக்கும். தேங்கிய ஈரக் காற்றில் கிடக்கும் பாம்புக்கு வயிற்றுச் செதில்கள் புண்ணாகும், நுரையீரலில் தொற்று வரும். வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்கருகே குமிழி தெரிந்தாலோ அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். பாம்பு என்றதும் கைவிரிக்கும் சிகிச்சை நிலையங்களும் உண்டு. தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம்.

வெப்ப விளக்கு வேண்டாம். இந்தப் பாம்பின் தாயகம் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதி. விளக்கு வை என்று சொல்லும் கையேடுகள் குளிர்கால அறைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பெட்டியின் ஒரு முனை 30 பாகை செல்சியஸ் அளவிலும் மறுமுனை 25 அளவிலும் இருந்தால் அதற்குப் போதும். கொழும்பில் பகலில் உங்கள் விறாந்தையே 30 பாகை. அதற்கு மேல் மூடிய பெட்டிக்குள் மின்குமிழைப் போட்டால் பாம்பு வேகும். விற்பவருக்கு விளக்கில்தான் இலாபம், துளையில் அல்ல.

பெட்டி 4 அடி நீளம், 2 அடி ஆழம், 2 அடி உயரம் இருக்கட்டும். இது இன்னும் ஓரிரு அடி வளரும். 8க்கு 4 அடி பிளைவூட் பலகை ஒன்றை நான்காக அறுத்தால் மேல், கீழ், பின்பக்கம் மூன்றும் வந்துவிடும். நான்காம் துண்டை இரண்டாக்கினால் பக்கச் சுவர்கள். முன்பக்கம் இரண்டு இழுவைக் கண்ணாடிகள். மொறட்டுவைத் தச்சரானாலும் மருதானைத் தச்சரானாலும் “இரண்டு பலகை வேண்டும், அம்மா” என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கைக் காட்டுங்கள். மலிவு என்று சரக்குப் பெட்டிப் பைன் பலகையைத் தலையில் கட்டவும் பார்ப்பார்கள். பிசின் நெடி ஒரு பக்கம், எந்த மருந்து அடித்த பலகையோ என்ற கேள்வி மறுபக்கம், வேண்டாம்.

சூடான காற்று மேலே போகும். அதனால் உள்ளே வரும் வழி ஒரு பக்கச் சுவரின் கீழேயும், வெளியேறும் வழி எதிர்ப்பக்கச் சுவரின் உச்சியிலும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே உயரத்தில் வைத்தால் காற்று சரியாக அசையாது. கீழே 5 மில்லிமீற்றர்த் துளைகள் இரண்டு வரிசை. மேலே ஓரடி நீளம், மூன்று அங்குல அகலத்தில் ஒரு திறப்பு, அதற்கு வலை. மூன்றடிப் பாம்பின் தலை 5 மில்லிமீற்றருக்குள் நுழையாது என்று மாமியாரிடம் சொல்லுங்கள். வலை துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். கடலோரத்தில் துத்தநாகம் பூசிய வலையை உப்புக் காற்று தின்றுவிடும்.

பாம்பு பெரும்பாலும் தப்புவது துளையால் அல்ல, இழுவைக் கண்ணாடிகள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடைவெளியால். அங்கே பிளாஸ்டிக் பட்டி ஒட்டி, கடைக் காட்சிப் பெட்டிகளுக்குப் போடும் கண்ணாடிப் பூட்டைப் போடுங்கள். வார்னிஷும் சிலிக்கோனும் மணம் முற்றாகப் போகும்வரை காயட்டும். குளியலறைக்கென விற்கும் பூஞ்சை தடுக்கும் சிலிக்கோன் கூடாது.

இனி, அந்த வியர்வை. தொட்டி இரவில் ஏசி ஓடும் அறையில் இருப்பதாக ஊகிக்கிறேன்: வெளியே கண்ணாடி குளிர்கிறது, உள்ளே ஈரம் நீராகிறது. அப்படியானால் நான் சொன்னதில் பாதி மாறும். இரவில் அறை 22 பாகைக்கு இறங்கினால் பெட்டியில் சூடான முனையே இருக்காது. ஈரத் தொட்டி வியர்க்கும். அதே அறையில் காற்றோட்டமான பெட்டி வறண்டுபோகும். வறண்டால் சட்டை முழுதாக உரியாது, கண்ணை மூடிய தோல்கூட ஒட்டிக்கொண்டு நிற்கும். பெட்டியை விறாந்தைக்கு மாற்றுவதே வழி. முடியாவிட்டால் மட்டும், ஒரு முனையில் வெப்ப விரிப்பு, கட்டாயம் தெர்மோஸ்டாட்டுடன் (சூடு அளவு மீறாமல் தானே நிறுத்தும் கருவி). கண் நீலம் பாய்ந்தால் உரிக்கப்போகிறது என்று பொருள். அந்த நாட்களில் பக்கத்தில் ஓட்டை போட்ட சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஈரத் தும்புச்சோறு (தேங்காய் நார்த் தூள்) வைத்துக் கொடுங்கள். உரித்ததும் எடுத்துவிடுங்கள். மற்ற நாட்களில் தரைக்குப் பழைய பத்திரிகைக் கடதாசி போதும்.

பத்திரம் தராததுதான் என்னை எரிச்சலூட்டுகிறது. “சைட்டிஸ் பட்டியலில் இல்லாத பாம்பு, பத்திரம் எதற்கு” என்பது தரகர்களின் வழமையான பாட்டு. சைட்டிஸ் என்பது அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை. அதன் பட்டியலில் இந்தப் பாம்பு இல்லை என்பது உண்மை. ஆனால் விலங்கை நாட்டுக்குள் கொண்டுவர இங்குள்ள சட்டப்படி முன்கூட்டியே அனுமதி வேண்டும். “பிறகு தருகிறேன்” என்றால் தரப்போவதில்லை. தச்சருக்கு முற்பணம் கொடுக்குமுன் வனசீவராசிகள் திணைக்களத்தில் எழுத்தில் கேளுங்கள். இவ்வளவையும் எளிய தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக் கடைகளில் ஒட்டினால் பாதித் தரகர்கள் ஓடிவிடுவார்கள். எத்தனை வருடமாகச் சொல்கிறேன்! பதில் எதுவானாலும் வெள்ளவத்தைக் கால்வாயோரம் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள்.

பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள்; எறும்பு ஏறாது. உள்ளே எந்த இடைவெளியையும் செலோடேப்பால் அடைக்க வேண்டாம். டேப்பில் ஒட்டிய பாம்பை எண்ணெய் தடவித் தடவிப் பிரித்தெடுக்க ஒருமுறை எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது.