அயன் சேனல் ஆராய்ச்சியில் ஒரு மருந்தும் வராதாமே, பிஎச்டிக்கு எடுக்கலாமா?

எம்.பார்ம் முடித்திருப்பீர்கள், வீட்டில் கம்பெனி வேலைக்குப் போகச் சொல்லி நெருக்குவார்கள் என்று நினைக்கிறேன். நான் பார்மகாலஜி பேராசிரியர். செல் சவ்வில் சோடியமும் பொட்டாசியமும் போய்வரும் இந்தக் கதவுகளோடுதான் என் காலம் போயிருக்கிறது. நான் கண்டுபிடித்த மருந்து எதுவும் கடையில் இல்லைதான். அதற்காக வீண் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதலில், மருந்தே வராது என்பது தப்பு. உங்கள் வீட்டில் யாராவது பிரஷருக்கு அம்லோடிபின் போட்டால், அது கால்சியம் சேனலை அடைக்கும் மருந்து.

எங்கள் கெமிஸ்ட்ரி நண்பர்கள் வலிப்பு நோய்க்கு ஒரு மூலக்கூறு செய்து கொடுத்தார்கள். எலிகளிடம் அருமையாக வேலை செய்தது. காப்புரிமைப் பேச்சுகூட வந்துவிட்டது. ஹெர்க் சேனலில் பார்த்துவிடலாம் என்றேன். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத் தசை மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்ப அந்தப் பொட்டாசியம் சேனல் வேண்டும். பேட்ச் கிளாம்பில், முடியைவிட மெல்லிய கண்ணாடி முனையை ஒரே ஒரு செல்லில் ஒட்டி மின்னோட்டத்தை அளக்கிறோம். பக்கத்தில் லிஃப்ட் ஓடினால்கூட ஒட்டு விட்டுவிடும், அதனால் ராத்திரியில்தான் உட்காருவோம். மருந்து பட்டதும் மின்னோட்டம் சரிந்தது, அதாவது சேனல் அடைபட்டுவிட்டது. ப்ராஜெக்ட் அதோடு நின்றது. பின்னால் ஒரு நேர்காணலில், "அப்போ ரிசல்ட் ஒன்றும் இல்லையா?" என்று கேட்டார்கள். இன்னும் உறுத்துகிறது.

அதுதான் ரிசல்ட். டெர்ஃபெனடின் என்ற அலர்ஜி மாத்திரை இதே சேனலை அடைத்து, சிலருடைய இதயத் துடிப்பைக் குலைத்து உயிரையே எடுத்தது. 1998-ல் அமெரிக்காவில் அதன் விற்பனை நின்றது. அதே மருந்து உடம்பில் மாறி உண்டாகும் ஃபெக்ஸோஃபெனடினுக்கு அந்த ஆபத்து இல்லை. தும்மலுக்கு நாம் போடும் அலெக்ரா அதுதான்.

ஆக்ஸ்ஃபோர்டில் ஃபிரான்சிஸ் ஆஷ்கிராஃப்ட், குளுக்கோஸ் ஏறினால் மூடிக்கொள்ளும் ஒரு பொட்டாசியம் சேனலை, இன்சுலின் சுரக்கும் கணைய பீட்டா செல்லில் 1984-ல் கண்டார். பச்சைக் குழந்தைகளுக்கு வரும் ஒரு வகைச் சர்க்கரை நோய்க்கு அந்தச் சேனலின் மரபணுப் பிழையே காரணம் என்று ஆண்ட்ரூ ஹாட்டர்ஸ்லி குழு சொன்னது 2004-ல். அப்புறம் அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் இன்சுலின் ஊசியை விட்டு, அந்தச் சேனலை மூடவைக்கும் கிளிபென்கிளமைடு என்ற பழைய மாத்திரைக்கு மாறினார்கள். எல்லோருக்கும் இப்படி அமையாது என்பீர்கள், சரி. ஆனால் நடுவே அந்த 20 வருட வேலை இல்லாமல் இது நடந்திருக்காது.

கேட்காததையும் சொல்கிறேன். ஆய்வு மாணவர்களுக்கு உதவித்தொகையை மாதக்கணக்கில் இழுத்தடிப்பது அநியாயம். நல்ல பிள்ளைகள் அதனாலேயே பாதியில் போகிறார்கள்.

நீங்கள் சேருங்கள். சேரும் முன், அந்த லேபில் பேட்ச் கிளாம்ப் கருவி உண்மையிலேயே ஓடுகிறதா, பணம் ஒழுங்காக வருகிறதா என்று சீனியர்களிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.