மாதாவுக்கு நேர்ந்த முழங்கால்

கேள்வி: குமரிக் கடற்கரைக்காரன் நான். வயது 23. கிளப் ஒன்றில் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடுகிறேன். வலது முழங்காலில் ஏசிஎல் (மூட்டுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் தசைநார்) அறுந்து, தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநாண் எடுத்துவைத்து ஆபரேஷன் செய்தார்கள். 11 வாரம் ஆகிறது. போன வாரம் ஜெபக்கூட்டத்தில் தலையில் கைவைத்து ஜெபித்ததும் வலி போய்விட்டது. “குணமாகிவிட்டாய், இனி பிசியோவிடம் போவது அவிசுவாசம்” என்கிறார் அங்குள்ள அண்ணன். ஐந்தாம் மாதம் ஒரு டோர்னமென்ட். இறங்கலாமா? வேளாங்கண்ணித் திருவிழாவில் மாதா குளம் வரை நான் முழங்காலால் நடந்து போவதாக அம்மா நேர்ந்திருக்கிறார். செய்யாவிட்டால் பாவமா?

பதில்: தம்பி, இறங்காதீர்கள். முழங்காலாலும் நடக்காதீர்கள். இரண்டிலும் பாவமில்லை.

வலி நின்றதற்கு நன்றி சொல்லுங்கள், அது நல்ல செய்திதான். ஆனால் வலி நிற்பதும், எடுத்துவைத்த ஒட்டு உறுதியாவதும் வேறு வேறு. ஒட்டாக வைத்த அந்தத் தசைநாண் முதலில் தன் பழைய ரத்த ஓட்டத்தை இழக்கிறது, பிறகு புது ரத்தக்குழாய்கள் அதற்குள் முளைக்க வேண்டும். ஏறத்தாழ ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை அது மிகவும் பலவீனமாக இருக்கும். வீக்கம் வற்றி, வலி அடங்கி, ‘ஓடிப் பார்க்கலாமே’ என்று கால் துறுதுறுப்பதும் பெரும்பாலும் இந்தச் சமயத்தில்தான். நீங்கள் இப்போது அங்கேதான் நிற்கிறீர்கள். ஒன்பது மாதத்துக்கு முன் போட்டிக்குத் திரும்புகிறவர்களுக்கு மறுபடி அறுபடும் ஆபத்து கூடுதல். மாதம் நிறைந்தால் மட்டும் போதாது. முன்தொடை வலு மற்றக் காலோடு ஒப்பிட 90 சதவீதமாவது வர வேண்டும், ஒற்றைக்கால் தாவல் சோதனைகளிலும் தேற வேண்டும்.

பிசியோவிடம் போவது அவிசுவாசம் என்பது கத்தோலிக்கப் போதனை அல்ல. மருத்துவரை மதி, அவரையும் ஆண்டவரே படைத்தார் என்கிறது விவிலியத்தின் சீராக் நூல், 38ஆம் அதிகாரம். பிரான்சின் லூர்து மாதா திருத்தலத்தில் 1883 முதல் மருத்துவ அலுவலகமே இயங்குகிறது. குணமானேன் என்று வருபவரின் மருத்துவச் சான்றுகளை அங்கே ஆராய்கிறார்கள். அந்தக் குணம் நிலைத்து நிற்கிறதா என்று வருடக்கணக்கில் காத்திருந்து பார்க்கிறார்கள். நீங்களும் உங்கள் குணத்தைச் சர்ஜனிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். கடவுள் தந்தது பரிசோதனையில் கரைந்துபோகாது.

விசுவாசம் குறைந்ததால்தான் கால் போனதோ என்று மனம் அரிக்கும். இத்தாலிய சைக்கிள் வீரர் ஜீனோ பார்த்தாலி இல்லறத்தாருக்கான கார்மேல் மூன்றாம் சபையில் சேர்ந்த பக்திமான். 1936இல் அவருடைய தம்பி பந்தய விபத்தில் இறந்தார். 1937 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் பார்த்தாலி மஞ்சள் சட்டையோடு முன்னணியில் இருந்தபோது பாலத்திலிருந்து ஓடைக்குள் விழுந்தார், சில நாளில் விலகவும் நேர்ந்தது. 1938இல் வென்றார். விழுந்த வருடம் அவர் விசுவாசம் சிறியதா, வென்ற வருடம் பெரியதா?

இனி நேர்ச்சை. திருச்சபைச் சட்டம் 1193இன்படி, வாக்குக் கொடுத்தவரை மட்டுமே அது கட்டும். அம்மா கொடுத்த வாக்கு உங்கள் முழங்காலைக் கட்டாது. சட்டம் 1197இன்படி, தனிப்பட்ட நேர்ச்சையை நேர்ந்தவரே அதற்கு இணையான அல்லது அதைவிட மேலான ஒரு நற்செயலாக மாற்றிக்கொள்ளலாம். அம்மா மனம் சங்கடப்பட்டால் பங்குத்தந்தையிடம் அழைத்துப் போங்கள், விலக்குத் தர அவருக்கு அதிகாரம் உண்டு. ஏழைகளுக்கு ஒரு வேளை அசனம் நல்ல மாற்று. ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், மணலில் முழங்காலால் நகரும்போது உடல் எடை முழுவதும் மடங்கிய மூட்டில் இறங்குகிறது. மணல் சரியச் சரிய மூட்டு திருகுகிறது. பூசையிலும் முழங்காலிட வேண்டாம், உட்கார்ந்தே இருங்கள்.

தினமும் செய்யக்கூடியது ஒன்று. முன்தொடையை இறுக்கும் பயிற்சியை உங்கள் பிசியோ அனுமதித்திருந்தால் ஜெபமாலையோடு செய்யுங்கள். காலை நீட்டி உட்கார்ந்து, ‘அருள் நிறைந்த மரியே’ முடியும்வரை இறுக்கம். ‘அர்ச்சிஷ்ட மரியாயே’ தொடங்கியதும் தளர்வு. ஒரு பத்துமணிக்குப் பத்து முறை, ஐந்து மறைபொருளுக்கு ஐம்பது. அவசரமாக ஓட்டினால் இறுக்கம் மூன்று நொடிக்குச் சுருங்கிவிடும், பயனில்லை. மூச்சை அடக்காமல் வாய்விட்டுச் சொல்லுங்கள். முட்டி வீங்கினால் அன்று நிறுத்திவிட்டு ஜெபத்தை மட்டும் தொடருங்கள்.

வலியை ஒப்புக்கொடு என்று எல்லோரும் சொல்வார்கள். கால் வலியைவிடக் கடினமானது, உங்கள் இடத்தில் இன்னொருவன் ஆடுவதை வெளியே உட்கார்ந்து பார்ப்பது. அதைத்தான் ஒப்புக்கொடுங்கள், அவன் பெயரைச் சொல்லி.

இயேசு சபையைப் பின்னாளில் நிறுவிய புனித இஞ்ஞாசியார் முதலில் போர்வீரர். 1521 மே 20 அன்று ஸ்பெயினின் பம்ப்லோனாவில் பீரங்கிக் குண்டு அவர் காலை நொறுக்கியது. எலும்பு கோணலாகக் கூடியதால் மறுபடி உடைத்துச் சேர்த்தார்கள். பிறகும் துருத்திய எலும்பை, அழகுக்காக, அவரே அறுக்கச் சொன்னார். கடைசிவரை நொண்டினார். படுக்கையில் தன் மனத்தின் ஏற்ற இறக்கங்களைக் கவனிக்கத் தொடங்கியவர், பின்னாளில் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்ற தன் நூலில் இரண்டு எச்சரிக்கை எழுதினார்: மனம் வறண்ட வேளையில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே, ஆறுதல் பொங்கும் வேளையில் அவசரமாக வாக்குக் கொடுக்காதே. ஜெபக்கூட்டத்தில் பொங்கிய நாளில் டோர்னமென்ட்டுக்குப் பெயர் கொடுத்திருந்தால், நாளைக்கே கோச்சைக் கூப்பிட்டு எடுத்துவிடுங்கள். ஆறாம் மாதம் சோர்ந்துபோய் ஆட்டத்தையே விட்டுவிடத் தோன்றும். அன்றும் முடிவெடுக்க வேண்டாம், பிசியோவுக்குப் போங்கள்.