Re: மழையே இல்லை, கூடாரத்துக்குள் ஈரம் (மன்னவனூர்)

டிசம்பரில் கொடைக்கானல் அருகே மன்னவனூர் ஏரிக்கரைப் புல்வெளியில் கூடாரம் போட்டுத் தங்கினீர்கள், விடியலில் உள்பக்கத் துணியும் தூக்கப்பையும் நனைந்திருந்தன என்கிறீர்கள். தையல் ஒழுகலாக இருக்காது. உங்கள் மூச்சுக்காற்றின் ஈரம்தான். இரண்டு பேர் தூங்கினால் ஓர் இரவில் அரை லிட்டருக்கு மேல் நீராவி வெளியேறும். குளிர்ந்த வெளித்துணியில் பட்டதும் அது நீராகிவிடும்.

குளிருக்குப் பயந்து ஜிப்பை முழுக்க மூடியதுதான் வினை. மேலே உள்ள காற்றுத் திறப்பையும் கதவின் மேல்பகுதியில் ஒரு சாண் அளவும் திறந்தே வையுங்கள். வெளித்துணி உள்துணியைத் தொடாதபடி கயிறுகளை இழுத்துக் கட்டுங்கள். இரவுப் பனியில் நைலான் தொய்யும், படுக்கும் முன் மறுபடி இறுக்குங்கள். ஈரத் துணி, ஷூ உள்ளே வேண்டாம்.

இடமும் முக்கியம். குளிர்காற்று பள்ளத்தில் தேங்கும். அனுமதி உள்ள எல்லைக்குள் கரையைவிடச் சற்று மேட்டில் போடுங்கள். மேலே காய்ந்த கிளை இருக்கக் கூடாது. கூடாரத்துக்கு அடியில் தரையில் போடும் விரிப்பு கூடாரத்தைவிட நான்கு பக்கமும் 5 செ.மீ. சிறியதாக இருக்கட்டும், நீட்டிக்கொண்டிருந்தால் பனிநீர் அடியில் ஓடிவரும்.

கதகதப்புக்காகக் கரியடுப்பையோ கேஸ் அடுப்பையோ உள்ளே கொண்டுபோகவே போகாதீர்கள். அவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணமே கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.