பொண்ணு பார்க்கிற குரூப்பில் யூனிட் பெயர் எதற்கு?

கேள்வி: மகன் ராணுவத்தில் இருக்கிறான், பொண்ணு பார்க்கிறோம். தரகர் கேட்டார் என்று யூனிஃபார்ம் போட்டோவும் பயோடேட்டாவும் கொடுத்தேன். நாலைந்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். 'இது நாட்டுப் பாதுகாப்பு விஷயம், பையனுக்கு வேலையே போயிடும்' என்கிறார் பக்கத்து வீட்டு டீச்சர். நிஜங்களா?
- ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

இதற்காகவே வேலை போய்விடும் என்று நான் நினைக்கவில்லைம்மா. மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்கலாம், அவ்வளவுதான். ஆனால் நாட்டுப் பாதுகாப்பு என்று டீச்சர் சொன்னது சரி.

போன மாதம் பெருந்துறையில் ஒரு கல்யாணத்தில் இப்படி ஒரு பயோடேட்டாவைப் பார்த்தேன். எந்தக் கூட்டம் (குலப்பிரிவு), குலதெய்வம், நட்சத்திரம், தோட்டம் எத்தனை ஏக்கர். அதற்குக் கீழே பையனின் ரெஜிமென்ட், எல்லையில் எந்த ஊரில் போஸ்டிங், எந்தத் தேதியில் லீவு, அம்மாவின் போன் நம்பர். போட்டோவில் அவனுக்குப் பின்னால் நின்ற வண்டியின் நம்பரைக்கூடப் படிக்க முடிந்தது.

இந்த ஒரு தாளால் ஒன்றும் ஆகாது. இப்படிப் பத்துத் தாள் சேர்ந்தால் எந்தப் படை எங்கே இருக்கிறது, எப்போது ஆள் குறைகிறது என்று உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போடலாம். ஸ்ட்ராவா என்ற ஓட்டப் பயிற்சி ஆப் 2017 நவம்பரில் ஒரு உலக வரைபடம் வெளியிட்டது. சிப்பாய்கள் காலையில் ஓடிய தடங்களை வைத்தே பாலைவனத்தில் இருந்த படைத்தளங்களை 2018 ஜனவரியில் கண்டுபிடித்துவிட்டார்கள். அதில் யாரும் ரகசியத்தை விற்கவில்லை.

தரகர்கள் விஷயத்தில் எனக்குப் பொறுமையே கிடையாது. ஜாதகம் பார்க்க யூனிட் பெயர் எதற்கு? 'ஆர்மி மாப்பிள்ளை' என்று காட்டினால் கமிஷன் கூடும், அதற்குத்தான். அவர் குரூப்பில் இருக்கிற முந்நூறு பேரில் பாதிப்பேரை அவருக்கே தெரியாது. 'பெண் வீட்டார்' என்று யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். பெண் பெயரில் போலிக் கணக்கு தொடங்கி, சிப்பாயிடம் மாதக்கணக்கில் பாசமாகப் பேசி விவரம் கறப்பது உளவாளிகளின் பழைய வேலை. உங்கள் மகன் நம்பருக்கு 'உங்க பயோடேட்டா பார்த்தேன்' என்று ஒரு மெசேஜ் வந்தால் அவன் சந்தேகப்படுவானா?

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. ராணுவம் என்று பொய் சொல்லி ஏமாற்றுகிறவர்களும் இருப்பதால், பெண் வீட்டார் ஆதாரம் கேட்பது நியாயம். காட்டுங்கள். ஆனால் ஜாதகம் பொருந்தி, அவர்கள் உங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகு, உங்கள் போனில், உங்கள் கையில் வைத்துக் காட்டுங்கள். அனுப்பக் கூடாது. 'மாமாவுக்குக் காட்டணும், ஒன்னே ஒன்னு அனுப்புங்க' என்றால், மாமாவையும் வரச் சொல்லுங்கள். காபி கொடுத்துக் காட்டலாம்.

2020 ஜூலையில் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 ஆப்களை நீக்கும்படி ராணுவம் சிப்பாய்களுக்கு உத்தரவு போட்டது. சரி, அவன் நீக்கிவிட்டான். அவன் போட்டோ இருப்பதோ அம்மா போனில், அக்கா ஸ்டேட்டஸில். எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தமிழில் ஒரு தாள் அச்சடித்துத் தர இத்தனை வருஷமா ஆகும்? கேட்டால் சுற்றறிக்கை போயிருக்கிறது என்பார்கள். யார் வீட்டுக்குப் போனது?

இன்றைக்கே தரகரிடம் சொல்லி எல்லா குரூப்பிலும் நீக்கச் சொல்லுங்கள். அனுப்பி சுமார் இரண்டரை நாள் வரைதான் 'எல்லோருக்கும் நீக்கு' வேலை செய்யும். அதற்குள் யாராவது சேமித்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் மகனிடம் மறைக்காதீர்கள். அவனே யூனிட்டில் முதலில் சொல்லிவிடுவது நல்லது. 'பையன் மேல கேஸ் இருக்கு, பணம் கட்டினா முடிச்சிடலாம்' என்று யாராவது போன் செய்தால் அது மோசடி, ஒரு பைசா அனுப்ப வேண்டாம். அனுப்பிவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள். லைன் கிடைக்கத் தாமதமானாலும் விடாதீர்கள்.

அப்புறம், புதுப் பயோடேட்டாவில் சாதாரணச் சட்டையில் எடுத்த போட்டோ போதும். வேலை என்ற இடத்தில் 'மத்திய அரசுப் பணி' என்று எழுதுங்கள். தரகர் முணுமுணுத்தால் வேறு தரகர் பாருங்கள்.