கென்யாவில் குழந்தைகளுக்கு உதவப் போகலாமா? போய்வந்த ஒரு செவிலியரின் பதில்

இரண்டு வார விடுமுறை இருக்கிறது, கென்யாவில் ஏதாவது ஒரு அனாதை இல்லத்தில் தங்கிக் குழந்தைகளுக்கு உதவ ஆசை, போகலாமா, பிரயோஜனம் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்காளர் வேலை பார்ப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதைக் கடைசியில் பேசுகிறேன்.

போகலாம். ஆனால் அனாதை இல்லத்துக்கு மட்டும் வேண்டாம்.

நான் செவிலியர். சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு கென்யாவின் மேற்கே, விக்டோரியா ஏரியை ஒட்டிய கிராமங்களில் அங்குள்ள சமூக சுகாதாரப் பணியாளர்களோடு சேர்ந்து வேலை செய்தேன். கிசுமு, ஹோமா பே என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்தப் பக்கம். எய்ட்ஸ் நோய் ஒரு தலைமுறையையே வாரிக்கொண்டு போன பகுதி அது. பேரப்பிள்ளைகளை நாலு, ஐந்து என்று வைத்துக்கொண்டு சோளமும் மரவள்ளியும் போட்டு, ஏரியில் பிடிக்கிற ஓமெனா என்ற சின்ன மீனை (நம் நெத்திலி மாதிரி இருக்கும்) காயவைத்து விற்றுக் காலம் தள்ளுகிற பாட்டிகளை வீட்டுக்கு வீடு பார்க்கலாம். அனாதை இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு அப்பாவோ அம்மாவோ இப்படி ஒரு பாட்டியோ உயிரோடுதான் இருக்கிறார்கள். சோறு போட முடியவில்லை, பள்ளிச் செலவு கட்ட முடியவில்லை என்றுதான் கொண்டுபோய் விடுகிறார்கள்.

அங்கே உங்களைப் போல நல்ல மனசோடு ஒருவர் வருவார், இரண்டு வாரம் தூக்கிக் கொஞ்சுவார், போய்விடுவார், அடுத்த வாரம் வேறொருவர் வருவார். மூன்று வயதுப் பிள்ளை எத்தனை பேரிடம் ஒட்டிக்கொண்டு எத்தனை முறை பிரியும்? அதோடு, வருகிறவர்கள் கட்டுகிற பணம்தான் இல்லத்துக்கு வருமானம் என்று ஆகிவிட்டால் அந்தப் படுக்கைகள் காலியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியதாகிவிடுகிறது. எல்லா இல்லத்தையும் குற்றம் சொல்லவில்லை, போக வேறு இடமே இல்லாத பிள்ளைகளும் உண்டு. ஆனால் கென்ய அரசே 2017-ல் புதிய இல்லங்களைப் பதிவு செய்வதை நிறுத்தியது. 2022-ல் பிள்ளைகளைக் குடும்பங்களிடம் திருப்பிச் சேர்ப்பதற்குப் பத்தாண்டுத் திட்டமும் போட்டது. அவர்கள் அந்தத் திசையில் போகும்போது நாம் விமானம் ஏறிப்போய் எதிர்த்திசையில் தள்ளக்கூடாது என்பதுதான் என் ஆதங்கம்.

அப்போ யாருக்கு உதவுவது? அந்தப் பாட்டிக்கு. ஆதரவற்ற பிள்ளைகளை வளர்க்கும் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு மாதம் 2,000 ஷில்லிங் கணக்கில் உதவித்தொகை கொடுக்கிறது, நல்ல திட்டம், ஆனால் நாலு பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அது எந்த மூலைக்கு? தொடக்கப்பள்ளியில் 2003-லிருந்து கட்டணம் கிடையாது, அந்த ஒரே அறிவிப்பில் பத்து லட்சத்துக்கும் மேல் பிள்ளைகள் புதிதாகப் பள்ளிக்கு வந்தார்கள். இருந்தாலும் சீருடை, மதியச் சாப்பாடு, தேர்வுக் காசு என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும், அதைக் கட்ட முடியாத நாளில் பிள்ளை வீட்டில்தான். பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய் நாட்களும் அப்படித்தான். பள்ளியில் இலவச நாப்கின் தரவேண்டும் என்று 2017-ல் சட்டமே திருத்தினார்கள், ஆனால் நான் போன பள்ளிகளில் வருடம் முழுக்கக் கிடைத்ததாகத் தெரியவில்லை.

அப்புறம் கால். இதைப் பற்றி நம் ஊரில் யாரும் பேசிக் கேட்டதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஜிகர் என்று ஒரு மணல் தெள்ளுப்பூச்சி, சுவாஹிலியில் ஃபுன்சா என்பார்கள். பெண் பூச்சி பாதத்துத் தோலைத் துளைத்து உள்ளே போய் உட்கார்ந்து முட்டை வைத்துப் பட்டாணி அளவுக்கு வீங்கும். நகக்கண்ணில், குதிகாலில், விரல் இடுக்கில் வரிசையாக. அரிப்பில் தூக்கம் போய்விடும், சீழ் வைத்தால் நடக்க முடியாது, பள்ளி நின்றுவிடும், கூடப் படிக்கிற பிள்ளைகளும் ஒதுக்குவார்கள். வீட்டில் ஊக்காலும் முள்ளாலும் குத்தி எடுப்பார்கள், ஒரே ஊக்கு எல்லாக் காலுக்கும் போகும், அதில் வேறு தொற்று வரும். டைமெத்திகோன் என்று ஒரு சிலிக்கோன் எண்ணெய் இருக்கிறது, காலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து அந்த இடத்தில் விட்டால் பூச்சி மூச்சடைத்துச் சாகும், குத்திக் கிளற வேண்டியதில்லை. நான் செய்த வேலையில் பாதிக்கு மேல் இதுதான், தரையில் உட்கார்ந்து கால் கழுவி மருந்து விடுவது. பிள்ளைகள் முதலில் காலை உள்ளே இழுத்துக்கொள்வார்கள், வலிக்காது என்று தெரிந்ததும் இன்னொரு காலையும் நீட்டுவார்கள்.

ஆனால் அந்தப் பிள்ளை படுப்பது புழுதி பறக்கிற மண் தரையில். நாயும் ஆடும் அதே அறையில். தரையைக் கெட்டிப்படுத்தி, தினம் தண்ணீர் தெளித்துக் கூட்டி, காலுக்கு ஒரு செருப்பும் கிடைத்தால்தான் மறுபடி வராமல் இருக்கும். இதெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அந்த ஊர் சுகாதாரப் பணியாளர்கள். எந்த வீட்டில் யாருக்கு உடம்பு முடியவில்லை, எந்தப் பாட்டி மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. நம் வேலை அவர்களுக்குக் கையாளாக இருப்பதுதான், நாம் போனபிறகும் அங்கே இருக்கப்போகிறவர்கள் அவர்கள்.

சரி, உங்கள் விஷயம். உங்களிடம் கணக்கு இருக்கிறது, அது பெரிய சொத்து. இந்த மாதிரி வேலை செய்கிற உள்ளூர்ச் சிறு குழுக்களுக்கு நன்கொடை வாங்குவதே பாடு, வாங்கிய பணத்துக்கு ஒழுங்காகக் கணக்கு காட்டத் தெரியாததால் அடுத்த தவணை நின்றுபோவது அதைவிடக் கொடுமை. ஒரு குழுவின் கணக்குப் புத்தகத்தைச் சீர்செய்து, அங்கேயே ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வர இரண்டு வாரம் போதும். திரும்பி வந்த பிறகும் வாட்ஸ்அப்பில் தொடரலாம். குழந்தைகளோடு விளையாட நேரம் தானாகக் கிடைக்கும், சாயங்காலம் மொத்த ஊரும் வெளியில்தான் இருக்கும். பிள்ளைகளைப் படம் எடுத்து முகநூலில் போடாதீர்கள், காலில் புண்ணோடு நிற்கிற பிள்ளையை நிச்சயமாகப் போடாதீர்கள்.

கிளம்பும் முன்: 2024 முதல் கென்யாவுக்கு விசா கிடையாது, இணையத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும். சம்பளம் இல்லாவிட்டாலும் தன்னார்வ வேலைக்குத் தனி அனுமதி தேவை, சுற்றுலா என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள், அழைக்கிற குழுவிடம் முதலிலேயே கேளுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பத்து நாளாவது முன்பே போட்டிருக்க வேண்டும், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள். ஏரிப் பக்கம் மலேரியா வருடம் முழுக்க உண்டு. மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் விடாமல் போட வேண்டும்.